மேடையேற மறுத்த அம்பிளி

அம்பிளிக்குப் பகலில் எர்ணாகுளத்துத் துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. சாயங்காலம் மட்டாஞ்சேரிக்குத் திரும்பியதும் ஜிதினின் சிறிய நாடகக் குழுவில் ஒத்திகை. ஜிதின் அவள் தெருக்காரன்தான். இரண்டு பேர் வீட்டிலும் தமிழ், மேடையில் மலையாளம்.

போன மழைக்காலத்தில் ஒரு தனியார் அரங்கில் உளுத்துப்போன மேடைப் பலகை உடைந்து, கூட நடித்த பாண்டியராஜ் உள்ளே விழுந்தார். பள்ளுருத்தியில் ஆட்டோ ஓட்டுகிறவர். கால் முறிந்து வெகுநாள் வண்டியைத் தொட முடியவில்லை. அவர் பார்த்து ஆடியிருக்க வேண்டும் என்று அரங்கத்தார் கைகழுவினார்கள். தனித்தனியாக நாடகம் போடுகிறவர்களுக்காகப் போய்க் கேட்க ஆளில்லை.

போர்ட் கொச்சியில் நாடகம் இயக்கும் ஷபானாதான் இப்படிப்பட்டவர்களையெல்லாம் ஒன்றுகூட்டினாள். முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு குறையைச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். அடுத்ததில் அம்பிளி எழுந்து, பலகையைச் சோதித்துக் காட்டாத மேடையில் நாம் யாரும் ஏறக்கூடாது, முதலில் இதை மட்டும் முடிவு செய்வோம் என்றாள். எல்லாரும் கைதூக்கினார்கள். ஜிதினும் தூக்கினான்.

சோதனை அவளுக்கே வந்தது. ஜிதினின் புது நாடகத்தில் அவளுக்கு முதன்முறையாக முக்கிய வேடம். வேறு இடம் கிடைக்காமல் அதே அரங்கு. பலகையை மாற்றியாயிற்று என்று சொல்லியிருந்தார்கள். நாடகத்தன்று அவள் மேடை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பழைய பலகையேதான். அதற்குள் ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள்.

"இன்னிக்கு ஒருநாள் பாத்து ஆடிக்கோ அம்பிளி," என்றான் ஜிதின். "எத்தன மாசம் உழைச்சிருக்கோம்."

"பாண்டியண்ணனும் பாத்துதான் சேட்டா ஆடினாரு. நான் ஏறல."

ஒப்பனையோடு கீழே நின்றே, வந்திருந்தவர்களிடம் காரணத்தைச் சொன்னாள். சிலர் முணுமுணுத்தபடி போனார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஷபானா அந்த அரங்கில் தான் போடவிருந்த நாடகத்தை நிறுத்தினாள். அவளைப் பார்த்து மற்ற குழுக்களும் விலகிக்கொண்டன. அரங்கு பூட்டியே கிடந்தது. கடைசியில் மேடையை முழுதாகப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள்.

ஜிதின் அந்த நாடகத்தை வேறொரு பெண்ணை வைத்துப் போட்டான். அம்பிளி பாண்டியராஜோடு போய்ப் பார்த்தாள். அந்தப் பெண் நன்றாகவே நடித்தாள். அதுதான் அம்பிளிக்குத் தாங்கவில்லை.

"மனசுக்கு வெஷமமா இருக்கா?" என்று பாண்டியராஜ் கேட்டார்.

"இல்லாம இருக்குமாண்ணே."

ஜிதின் இன்னும் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் ஷபானா கூட்டுகிற ஒரு கூட்டத்தையும் அவன் தவறவிட்டதில்லை.