பெஞ்சில் ஒட்டாத தூசி

அந்தக் கூடம் கட்டி முடிக்கப்பட்டபோது நான் பணி ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர். எங்கள் திருச்சபையின் கட்டடக் குழுச் செயலர். கிழக்குத் தாம்பரத்தில் நான் நடந்து சென்றால், என்னிடம் படித்த யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார். இதைப் பெருமைக்காகக் குறிப்பிடவில்லை. பின்னர் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் குறிப்பிடுகிறேன்.

புத்தாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பால்கனியோடு கூடிய பெரிய கூடம். சுவர்களுக்குப் பட்டி பார்த்து உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள். தரைக் கற்களை அறுத்த தூள் வேறு. நடந்தால் காலடி பதிந்தது. கூலிக்கு ஆள் வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். ஆண்டவருடைய கூடத்தைச் சபையார் கையாலேயே கூட்டுவதுதான் ஊழியம் என்று நான் சொன்னேன். என் பேச்சே எடுபட்டது. சனிக்கிழமை துப்புரவு, ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை என்று முடிவாயிற்று.

பிரதிஷ்டைப் பாடலின் முதல் சரணத்தைத் தனியாகப் பாடுவதற்கு என் மனைவியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பாடகர் குழுவில் பல ஆண்டுகள் பின்வரிசையில் நின்றவள் அவள். தனியாகக் கிடைத்த முதல் வாய்ப்பு அதுதான். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் வாரக்கணக்கில் அந்தச் சரணமே கேட்டது. குக்கர் கூவினால் நிறுத்துவாள். அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து எடுப்பாள்.

சனிக்கிழமை காலை, புதிய பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்து முகப்பு வராந்தாவில் காய வைத்திருந்தார்கள். ஈர வார்னிஷில் தூசி ஒட்டினால் எல்லாவற்றையும் மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். ஆகவே கூடத்தின் கதவு ஜன்னல் அனைத்தையும் சாத்தச் சொன்னேன். மெருகேற்றிய தரையில் கறை படியும் என்று தண்ணீர் தெளிக்கவும் அனுமதிக்கவில்லை. மே மாதப் புழுக்கத்தில், மூடிய கூடத்துக்குள், பெண்கள் உலர்ந்த துடைப்பங்களால் கூட்டினார்கள். ஒரு மூலையில் கூட்டியது எழும்பி மறு மூலையில் இறங்கியது.

"அக்கா, உங்க தலை ஒரேயடியா நரைச்சுப் போச்சு" என்று ஒரு பெண் சிரிப்பது கேட்டது.

"உனக்கு மட்டும் என்னவாம்? இன்னைக்கு எல்லாருக்கும் என் வயசுதான்" என்றாள் என் மனைவி.

வார்னிஷ் அடித்தவர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "இன்னா சார், உள்ள மாவு மில்லு ஓடிக்கினு கீதா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. பெஞ்சுகளுக்குக் காவலாக வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் என் மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். புருவம் வரை வெளுத்திருந்தது.

"ஏங்க, தொண்டை கமறுது. கொஞ்ச நேரம் நீங்க இதப் பிடிங்க. நான் காத்தாட நின்னுட்டு வரேன்."

துடைப்பத்தை நீட்டினாள். உள்ளே என் பழைய மாணவர்கள் இருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தவாறு நின்றார்கள்.

"நான் பிடிச்சா மேற்பார்வை யார் பார்க்கிறது?" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள். முந்தானையால் மூக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே திரும்பினாள். அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தியவன் நான்தான்.

அந்தத் தூள் இன்னதென்று அங்கிருந்தவர்களில் எனக்கே நன்றாகத் தெரியும். சுண்ணாம்பும் சிமெண்டும் ஈரமான தொண்டையில் என்ன செய்யும் என்பதைக் கரும்பலகையில் எழுதி விளக்கக்கூடியவன் நான்.

மாலையில் ஆட்டோவில் வீடு திரும்பும்போது சரணத்தை மெல்ல எடுத்துப் பார்த்தாள். இரண்டாம் வரியில் குரல் உடைந்தது. வீட்டில் உப்பு வெந்நீரால் கொப்பளித்தாள். மிளகுப் பால் குடித்தாள். காலையில் என்னை அழைக்க வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது.

இருந்தும் பட்டுப்புடவை உடுத்தி வந்தாள். பாடகர் குழுவின் முன்னால் தனக்குக் குறித்த இடத்தில் நின்றாள். ஆர்கன் வாசிப்பவர் முதல் சரணத்தை வாத்தியத்தில் மட்டும் வாசித்தார். அது முடியும்வரை அவள் உதடுகளை மூடி, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மேடையில் அமர்ந்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் பேராயர் ஒரு பெஞ்சைக் கையால் தடவி, "ஒரு தூசி ஒட்டலையே, சார்" என்று என்னைப் பாராட்டினார். நன்றி சொன்னேன்.

பேச்சு சில வாரங்களில் திரும்பியது. மேல் ஸ்தாயி திரும்பவில்லை. அவள் பின்வரிசைக்கே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அமர்வதற்கு முன் பெஞ்சை ஒரு தட்டுத் தட்டி, "வார்னிஷ் நல்லா பிடிச்சிருக்குங்க" என்பாள்.

கூடத்தின் ஆண்டு விழாக்களில் இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்கிறார்கள். பனி ஒத்துக்கொள்ளாமல் என் மனைவிக்குக் குரல் கட்டிக்கொண்டது என்பது ஒன்று. பேராசிரியரே சபையாரோடு நின்று துடைப்பம் பிடித்தார் என்பது மற்றொன்று. அது மே மாதம், பனி கிடையாது. துடைப்பத்தை நான் தொடவில்லை.