இரண்டு நிமிடத்தில் முடிந்த பேக்கப்

பேக்கப் இரண்டு நிமிடத்தில் முடிந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அரை மணி ஆகும் என்று மல்லிகா அக்காவிடம் நானே சொல்லியிருந்தேன். அவர் டீ போடப் போனார். டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. என் கைவேகத்தை நானே மெச்சிக்கொண்டேன், மடையன்.

2002 இருக்கும். திருவொற்றியூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருந்தேன். படித்தது ஆறு மாத கோர்ஸ். வாடிக்கையாளர் வீட்டில் மட்டும் நான் இன்ஜினியர்.

மல்லிகா அக்கா காத்திவாக்கத்துக்காரர். ஓடையில் இறால் குறைந்துபோனதற்கு நிவாரணம் கேட்டு கலெக்டரிடம் மனு கொடுப்பதற்காக, குப்பத்தில் யார் யார், என்ன வலை, எத்தனை வருஷமாகத் தொழில் என்று வீடு வீடாகப் போய் எழுதி வைத்திருந்தார். மழையில் நோட்டெல்லாம் ஊறிவிட்டது. ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்துப் பிரித்து, யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் அடித்து ஏற்றினார். பிறகு அந்த நோட்டுகள் குப்பைக்குப் போயின. மனு கொடுக்க ஒரு வாரம் இருந்தது.

"ஒரு தபா நனைஞ்சி பேஜாராயிட்ச்சு தம்பி. அதான் ரெண்டு எடத்துல இருக்கட்டும்னு உன்னிய கூப்ட்டேன்" என்றார்.

டிஸ்க் போன பிறகு அழுதுகொண்டு கூப்பிடுகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம். போவதற்கு முன்னால் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் படியெடுப்பதை நாங்கள் 'கோஸ்ட் அடிப்பது' என்போம். எதிலிருந்து எதற்கு என்று திரையில் கேட்கும். அவர் மெஷினில் இருந்ததும் எங்கள் கடை போட்ட டிஸ்க்தான். நான் கொண்டுபோனதும் அதே கம்பெனி, அதே சைஸ். கடைசியில் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் இடத்தில் படிக்காமல் என்டர் தட்டுவது எங்கள் கடைப் பழக்கம். தட்டினேன். காலி டிஸ்க்கை அக்காவின் டிஸ்க் மேல் ஏற்றியிருந்தேன்; காலி என்பதால்தான் இரண்டே நிமிடம்.

திரும்ப ஆன் செய்தால் திரையில் ஒன்றுமில்லை. அக்கா டீயோடு வந்தார்.

"ஆயிட்ச்சா தம்பி?"

"டிஸ்க்ல பேட் செக்டார்க்கா, டிஸ்க்கே கெட்டுப்போச்சு. ஷட் டவுன் பண்ணாம யாராச்சும் ஸ்விட்ச்ச அணைச்சீங்களா?"

எந்தக் கோளாறுக்கும் நாங்கள் கேட்கும் கேள்வி அது. எல்லா வீட்டிலும் யாராவது அணைத்திருப்பார்கள்.

வாசலில் அவர் கணவர் எல்லப்பன் வலை சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பினார். "நேத்து நீதானே அணச்ச? படிச்சிப் படிச்சி சொன்னேனே, கேட்டியா?"

அவர் ஊசியும் கையுமாக எழுந்து நின்றார். "கரண்ட் வீணா போதேன்னு அணச்சேன் மல்லி. இப்டி ஆவும்னு தெர்ல."

நான் டீயைக் குடித்தேன். குடித்தேன் என்று எழுதவே கூசுகிறது. பிறகு பொய்க்கு முட்டுக்கொடுக்க, அந்த டிஸ்க்கையே ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டேன்.

கடைக்கு வந்து முதலாளியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"காலி டிஸ்க்க அடிச்சா மேலோட்டமாதான்டா போவும். உள்ள டேட்டா அப்டியே கீதே, எடுத்துடலாம். டிஸ்க் எங்க?"

"அதுல விண்டோஸ் போட்டுட்டேண்ணா."

பழசுக்கு மேலேயே எழுதிவிட்டேன், இனி எதுவும் வராது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "போய் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வா" என்றார். காத்திவாக்கம் பஸ் நிறுத்தம் வரை போய் இறங்கி, எதிர்ப் பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். "சொல்ட்டேண்ணா" என்றேன்.

அந்த வருஷம் நிவாரணப் பட்டியலில் அந்தக் குப்பம் இல்லை. அக்கா மறுபடி வீடு வீடாக நடந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, கீபோர்டு மாற்ற என்னையே அனுப்பினார்கள். வெளியே மழை. எல்லப்பன் கூரை ஓரமாக நனைந்துகொண்டு நின்றார்.

"உள்ள வாங்கண்ணா" என்றேன்.

"வாணாம்பா. கம்ப்யூட்டரு ஓடுறப்ப நா உள்ள போறதில்ல. கெட்டுப்பூடும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. என்டர் தட்டியது, பொய் சொன்னது, விண்டோஸ் போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; அக்கா திட்டவில்லை. "திரும்ப எழுதப் போனப்போ இவரு தொணைக்கு வரேன்னாரு. உன்னாலதான் எல்லாம், நீ வராதன்னு தொரத்துனேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

எல்லப்பன் மட்டும் வாசற்படியில் கால் வைத்துக் கேட்டார்: "அப்ப நா அணச்சதுல ஒண்ணும் ஆவலியா?"

"இல்லண்ணா."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே இல்லண்ணா."

காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

இப்போது வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். என்டர் தட்டுவதற்கு முன் ஒருமுறை படியுங்கள். தப்பாகத் தட்டிவிட்டால் டிஸ்க்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். அன்றைக்கே சொல்லியிருந்தால் அக்காவின் பட்டியல் சாயங்காலத்துக்குள் திரும்பக் கிடைத்திருக்கும். எல்லப்பனும் இரண்டு வருஷம் தன் வீட்டுக்கு வெளியே நின்றிருக்க மாட்டார்.