வேப்பிலை கட்டிய ஊறல்

மலேசியாவில் காஜாங் பக்கம் போகும்போதெல்லாம், பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்மணியை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எங்கள் அத்தையின் சமையலைக் கோயில் வாசலில் வைத்து, எல்லாரும் கேட்க, மட்டம் தட்டியவர் அவர். அன்று எனக்கு எட்டு வயது. அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

என்னை வளர்த்தவர் அத்தை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா கப்பல் வேலைக்குப் போய்விட, கிள்ளானிலிருந்த அத்தையும் மாமாவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மாமாவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. அத்தை வீட்டுக்குப் பின்னால் அரிசி ஊறல் போடுவார். காஜாங்கைத் தாண்டி, செமினியில் ஒரு ரப்பர் காட்டுக்குள் மாமாவின் கூட்டாளி அதைச் சம்சு என்னும் கள்ளச்சாராயமாகக் காய்ச்சி இறக்குவார். ஊறலின் வாடையைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டகை மறைத்துவிடும். காய்ச்சும் புகையை மறைக்க எங்கள் சந்தில் வழியில்லை. அதனால் ஊறல் ஓரிடம், அடுப்பு ஓரிடம். இதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, கஞ்சி என்று.

கஷ்டமெல்லாம் நடுவில் கிடக்கும் சாலையில்தான். ஊறல் உயிருள்ள சமாச்சாரம், மூடியை இறுக்கினால் வெடித்துவிடும். ஆரம்பத்தில் மாமா அதைத் தோங் எனும் பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றி, மூடியைத் திருகி ஏற்றிப்போக, பாதி வழியில் மூடி பறந்து கூரையில் அடித்து, தலையெல்லாம் சோறு வழிய வீடு திரும்பினாராம். அதற்குப் பிறகு வாயகன்ற அண்டாதான், துணியால் வேடுகட்டித்தான் போகும். ஆனால் வேடுகட்டிய அண்டாவைக் கண்டால் எந்தப் போலீஸ்காரருக்கும் திறந்து பார்க்கத் தோன்றுமே. மற்ற மாதங்களில் அது பன்றித் தீனி என்ற பெயரில் பயணம் போனது.

ஆடி பிறந்துவிட்டால் அத்தைக்கு அந்தக் கவலையும் இல்லை. மஞ்சள் துணியால் வேடுகட்டி, அண்டாவின் கழுத்தில் வேப்பிலை சுற்றி, மேலாகக் கொஞ்சம் கேழ்வரகு மாவைக் கரைத்துவிட்டால் அது அம்மனுக்குப் போகும் கூழ். கூழ் என்றால் புளித்த வாடை அடிக்கத்தானே வேண்டும். அத்தை மஞ்சள் சேலையில் முன்னால் உட்காருவார், மடியில் நான், என் தலையில் ஒரு கொத்து வேப்பிலை. சாலைத் தடுப்பில் நிற்பவர்கள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வழிவிடுவார்கள். எல்லாம் பட்டப்பகலில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காஜாங் தாண்டியதும் வேன் கொதித்துப் புகைவிட்டு நின்றது. நின்ற இடம்தான் வினையாகிவிட்டது. பக்கத்தில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். அன்று அங்கே கூழ் ஊற்றும் நாள். ஒரு வீட்டுக் கூழ்தான் வந்திருந்தது, இன்னொரு வீட்டுக் கூழுக்காகப் பிள்ளைகள் குவளையும் கையுமாக வரிசையில் நின்றார்கள். வேப்பிலை கட்டிய அண்டாவோடு ஒரு வேன் வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்? மாமா இஞ்சினுக்குள் விட்ட தலையை வெளியே எடுப்பதற்குள் இரண்டு இளைஞர்கள் அண்டாவை இறக்கிக்கொண்டு போய் அம்மன் முன்னால் வைத்துவிட்டார்கள்.

அத்தை பின்னாலேயே ஓடினார். “தம்பி, அது வேற கோயிலுக்குக் கொண்டு போறதுப்பா.”

“எல்லாம் ஒரே ஆத்தாதானே ஆன்டி. இங்க ஊத்துனா என்ன லா,” என்றான் ஒருவன்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்த மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் நாலடி தள்ளி நின்றிருந்தார். அண்டாவில் இருப்பது இன்னதென்று தெரிந்தால் அத்தையும் மாமாவும் அப்படியே உள்ளே போக வேண்டியதுதான். பிறகு எனக்கு யாருமில்லை. இது புரியாமல் நான் வேறு, “எங்கத்தை செஞ்சது. ரொம்ப நல்லாருக்கும், குடிச்சுப் பாருங்க,” என்று வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

கூழ் ஊற்றும் பொறுப்பு ஒரு பெண்மணியிடம் இருந்தது. அவர் வேடுகட்டியிருந்த துணியை அவிழ்த்தார். அகப்பையை விட்டுக் கிண்டினார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரைக் கும்பிட்டபடி நின்றார். பிறகு அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார், என் தலையிலிருந்த வேப்பிலையைப் பார்த்தார்.

துணியை மறுபடி இறுக்கமில்லாமல் கட்டினார். “இது ஆவாது. ரொம்பப் புளிச்சு கெட்டுப்போச்சு. பிள்ளைங்களுக்கு ஊத்துனா வயித்தால போவும். எடுத்துட்டுப் போங்க,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். என்னவென்று கேட்ட போலீஸ்காரரிடமும் கெட்டுப்போன கஞ்சி என்று மலாயில் சொன்னார். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். இறக்கிய இளைஞர்களே அண்டாவை ஏற்றி, வேனையும் தள்ளிவிட்டார்கள்.

நான் அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பெண்மணி ஒரு குவளைக் கூழும் பொரித்த நெத்திலியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “குடிம்மா. உங்கத்தைக்கு அடுத்த வருஷம் நல்லா வரும்.” அந்தக் கூழ் உண்மையிலேயே ருசியாக இருந்தது. அது என் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

மறு ஆடியில் அத்தை நிஜமாகவே கூழ் காய்ச்சினார். அதே கோயிலுக்குப் போனோம். பழிவாங்கப் போகிறோம் என்று நான் குஷியாக இருந்தேன். அந்தப் பெண்மணி ஒரு வாய் குடித்துவிட்டு, “இப்ப சரியா இருக்கு,” என்று சிரித்தார். பிறகு உள்ளே போய்த் தன் கணவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அவருக்குக் கண் தெரியவில்லை.

“அண்ணனுக்குப் பிறவியிலேயே இப்படியா?” என்று கேட்டார் அத்தை.

“இல்லக்கா. நல்லாத்தான் இருந்தாரு, எஸ்டேட்டுல வேலை பார்த்தாரு. சம்சுதான். ஒரே ராத்திரியில பார்வை போயிருச்சு.”

கணவர் குவளையை நீட்டினார். அத்தை ஊற்றிய கூழில் பாதி தரையில் சிந்தியது. அந்தப் பெண்மணி அத்தையின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

யார் காய்ச்சிய சம்சு என்று அவர்களுக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. தன் வீட்டைக் கெடுத்த அந்த வாடை, அண்டாவைத் திறந்ததுமே அவர் மூக்கில் ஏறியிருக்கும். போலீஸ்காரர் பக்கத்திலேயே நின்றார். ஒரு வார்த்தை சொல்ல அந்தப் பெண்மணிக்கு எல்லா நியாயமும் இருந்தது. அந்த வார்த்தையைச் சொல்லாமல் என்னை அத்தையோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நான் படித்ததும், கல்யாணமாகி இன்று நன்றாக இருப்பதும் அவர் போட்ட பிச்சை என்றே நினைக்கிறேன். எத்தனை முறை கும்பிட்டாலும் தகும்.

ஆனால் அன்று சம்சு என்ற சொல்லையே நான் முதல்முறையாகக் கேட்டேன். அம்மை மாதிரி ஏதோ நோய் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது எனக்குப் பயமாகிவிட்டது.

“அத்தை, அந்தச் சம்சு நம்ம வீட்டுக்கும் வருமா?”

வேன் ஓட்டிக்கொண்டிருந்த மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார்.

“இனிமே வராது,” என்றார்.

அம்மன் ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் நிம்மதியாக அவர் மடியில் தூங்கிப்போனேன்.