தம்பியின் நாக்கு

மனநோய்க்கு ஊசி போட்டுவந்த என் தம்பிக்கு நாக்கு தானாக வெளியே நீண்டு, கழுத்தும் திருகிக்கொண்டது. நாங்கள் வேலை செய்த எஸ்டேட் தோட்டத்து ஆட்கள், “காளி வந்துட்டா! நாலு நம்பர் குடு தாயே!” என்று அவன் வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். கூச்சத்தில் நான் தடுக்கவில்லை. அது மட்டுமா? அவன் உளறிய எண்களை எழுதி, நானும் லாட்டரிக் கடையில் நம்பர் எடுத்தேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர், “சாமி இல்லலா, ஊசி செஞ்ச வேலை” என்றார். மருந்தை மாற்றியும் குறையாததால், தலையில் கரண்டு வைக்கும் சிகிச்சைக்குக் கையெழுத்திட்டேன். மயக்கிவிட்டுத்தான் வைத்தார்கள். சில வாரங்களில் நாக்கு அடங்கியது.

தெளிவாகப் பேசிய அன்றே தம்பி கேட்டான்: “அண்ணே, நம்பர் அடிச்சிச்சா?”

அவன் உளறியதை எழுதிவைத்த தாளை அன்றே கிழித்துப் போட்டேன். இப்போது நம்பர் எடுப்பதில்லை. அவன் உடம்பில் புதிதாக எது அசைந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன்.