கூடத்துக்கு ரோஸ் அடித்த கதை

எங்கள் சித்தப்பா காலேஜில் இரண்டு வருஷம் படித்தவர். அந்த இரண்டு வருஷப் படிப்பின் பலனை எங்கள் கரமனைத் தெரு முழுக்க அனுபவித்தது. அதில் ஒன்றுதான் கூடத்துச் சுவர்.

எனக்கு அப்போது ஏழு வயது. அத்தையை, அதாவது சித்தப்பாவின் தங்கையை, மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, பஜ்ஜியையும் தின்றுவிட்டு, 'பொண்ணு நிறம் மட்டு' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நாலாவது இடம் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. இதுவும் தட்டிப்போனால் ஆலப்புழையில் ஒரு இரண்டாந்தாரத்துக்குச் சம்மதம் சொல்லிவிடுவது என்று அப்பா தீர்மானித்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் சித்தப்பா ஒரு இங்கிலீஷ் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மன்னி, குத்தம் பொண்ணு மேல இல்லை, சுவர் மேல ஆக்கும்! வெள்ளைச் சுவர் முன்னாடி உக்காத்தி வச்சா யார்தான் கறுப்பாத் தெரியமாட்டா? லேசா ரோஸ் அடிக்கணும். அடிச்சா மூஞ்சியில தானா ஒரு சோபை வந்துடும்னு போட்டிருக்கான்."

"சோபை வரலேன்னா அவனா வந்து கட்டிப்பான்?" என்றாள் அம்மா.

சித்தப்பா அசரவில்லை. சாலைக் கடையில் காவி வாங்கிவந்து சுண்ணாம்பில் கலந்து ஒரு பட்டை இழுத்தார். கோயில் மதில் மாதிரி இருந்தது. 'தேங்காய் உடைக்கலாமா?' என்று அம்மா கேட்டாள். அந்த இடத்தில்தான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன்.

"சித்தப்பா, ஆரத்தி செவப்பாத்தானே இருக்கு? அதுல மஞ்சளும் சுண்ணாம்பும்தானே?"

சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். ஒரு அண்டா சுண்ணாம்பில் மஞ்சள்பொடியைத் தூவித் தூவிக் கலக்கினோம். அத்தை சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ உள்ளே போ, பொண்ணு இதெல்லாம் பாக்கப்படாது" என்று சித்தப்பா விரட்டிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் கூடம் பூத்துவிட்டது. தாமரை இதழின் அடிப்பக்கம் இருக்குமே, வெள்ளையுமில்லாமல் சிவப்புமில்லாமல், அந்த ரோஸ். தெருவே வந்து பார்த்து, "கொள்ளாமே!" என்று மெச்சியது.

வெள்ளி முழுக்க அந்த ரோஸ் நின்றது. சனிக்கிழமை ஜன்னல் ஓரம் லேசாகச் சோகை பிடித்தது. ஞாயிறு விடிந்தபோது நாலு சுவரும் சுத்த மஞ்சள். சித்தப்பா ஜமக்காளத்தை எடுத்துக்கொண்டு எந்தச் சுவரை மறைப்பது என்று தெரியாமல் சுற்றிச்சுற்றி வந்தார். அவர் கண்ணில் ஜலம் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

வந்தார்கள். பிள்ளைக்கு அம்மா உட்கார்ந்ததுமே, "சுவரெல்லாம் மஞ்சக் குளிச்சாப்ல இருக்கே, என்ன விசேஷம்?" என்றாள்.

பார்க்க வந்தவர்கள் எதிரில் பெண் பேசக்கூடாது. அத்தை பேசினாள்.

"ரோஸ்தான் அடிச்சா. நான் கொஞ்சம் வெளுப்பாத் தெரியட்டுமேன்னு அண்ணா ஆரத்தியைக் கரைச்சுப் பூசினார். ஆரத்தி காஞ்சா மறுபடி மஞ்சளாயிடும். அது அவருக்குத் தெரியாது, பாவம்."

அப்பா முகம் செத்துவிட்டது. அடுத்த நிமிஷம் பிள்ளை, கையிலிருந்த காப்பி ஜிப்பாவில் சிந்தும்படி சிரித்தார். அவர்தான் என் அத்திம்பேர். சுவரால்தான் கல்யாணம் நடந்தது என்று சித்தப்பா இன்றைக்கும் மார்தட்டுகிறார்.

போன மாதம் எங்கள் காலேஜ் லேபில் மஞ்சள் தடவிய காகிதத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிக் காட்டினார்கள். எல்லாரும் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அத்தை ஞாபகம். அந்த நாளில் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் ஆரத்தி கரைத்துக் கொடுப்பது அவள்தான், சுற்றுவது மற்றவர்கள். மறுநாள் காலையில் வாசலில் காய்ந்து மஞ்சளாகிக் கிடக்கும் அந்தக் கறைமேல் கோலம் போடுவதும் அவள்தான். ரோஸ் நிற்காது என்று வியாழக்கிழமையே அவளுக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கூடத்தில் தனியாக நின்றாள். புறங்கை தெரியும்படி கையை அந்தச் சுவரில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கை அழகா இருக்குடீ, இல்லையா?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமையும் இப்படியே இருக்குமா அத்தை?"

"இன்னிக்கி இருக்கே, போறாதா?"

வெள்ளிக்கிழமை யாரும் வரப்போவதில்லை, அன்றைக்கு அழகாயிருந்து என்ன பிரயோஜனம் என்று நினைத்துக்கொண்டு நான் பாண்டி விளையாட ஓடிவிட்டேன்.