செலாசியின் சுத்தியல்

மைக்கை ஊதிப் பார்ப்பது செலாசிக்குப் பிடிக்காது. இருமுவான். அந்த இருமல் ஒலிபெருக்கி வழியாக மைதானத்தின் கடைசி மாமரம் வரை போய்ச் சேர்ந்தால்தான் அவனுக்குத் திருப்தி. பிறகு, "ஆன்டிமாரே, அங்கிள்மாரே, பையில இருக்கிற ஷிட்டோ மிளகாத் தொக்கு பாட்டிலை அப்புறம் எடுக்கலாம். முதல்ல எங்கிட்ட காதைக் குடுங்க" என்பான். பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே வாசகம். அவர்களும் தவறாமல் சிரிப்பார்கள்.

ஹோஹோயே ஊரின் ஓர் உறைவிடப் பள்ளியில் மாணவர் தலைவன் அவன். வெயில் கொளுத்தினாலும் கோட்டைக் கழற்ற மாட்டான். ஆசிரியர்களோடு நடக்கும்போது அவர்களுடைய வேகத்துக்கு நடப்பான்; மாணவர்கள்தான் அவனோடு ஓட வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் அவன் செய்யும் ஜெபம் முடிவதற்குள் அவரைக் குழம்பில் ஆடை கட்டிவிடும்.

இணையத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றப் பெற்றோருக்குச் சொல்லித் தருவதைத் தன் பதவிக்காலத்தின் சாதனையாக அவன் எடுத்துக்கொண்டான். "உங்க புள்ள குளிக்கப் போறப்ப போனையும் கூட்டிட்டுப் போகுதா? அங்கதான் பாம்பு இருக்கு!" தாய்மார்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். எந்தப் பாம்பு, கடித்தால் என்ன செய்வது என்று அவன் சொன்னதில்லை.

உதாரணங்கள்தாம் அவனுடைய பலம். "பேர் சொல்ல மாட்டேன்" என்று தொடங்குவான். எந்த விடுதி, எந்த ஊர், தகப்பன் ஓட்டும் லாரி என்ன நிறம் என்பது வரை சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவான். நம்பி வந்து அழுத பெண், சனிக்கிழமை தன் கதையை ஒலிபெருக்கியில் கேட்பாள். நாளடைவில் யாரும் அவனிடம் எதையும் சொல்வதில்லை என்றாகிவிட்டது. பள்ளியில் தொல்லைகள் அடியோடு குறைந்துவிட்டதாக அவன் மேடையில் அறிவித்தான்.

கடைசியில் சுத்தியல் வரும். விடுதியில் போனுக்குத் தடை. பிடிபட்டவை ஒரு கூடையில் மேடைக்கு வரும். பக்கத்தில் ஒரு சிமென்ட் கல். போன் வைத்திருந்த பிள்ளையின் தாயையோ தகப்பனையோ கூப்பிட்டுச் சுத்தியலைக் கையில் கொடுப்பான். மறுத்தவர் கிடையாது. பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று ஊர் முன்னால் பெயரெடுக்க யாருக்கு ஆசை? பள்ளியின் இணையப் பக்கத்துக்காக ஒருவர் இதைப் படம் பிடிப்பார்.

போன சனிக்கிழமை, சந்தையில் புகையில் வாட்டிய மீன் விற்கும் எசினம், கூட்டம் சேருமுன் வந்து அவனைப் பிடித்தாள். அவள் மகள் யாய்ராவின் போன் கூடையில் கிடந்தது. எவனோ ஒருவன் யாய்ராவின் படத்தை வைத்துக்கொண்டு, இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் ஊருக்கே காட்டுவேன் என்று அதில் மிரட்டி எழுதிக்கொண்டிருந்தான். எதையும் அழிக்காமல் போனைக் கொண்டு வந்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரம்மா எசினத்திடம் சொல்லியிருந்தாள். செலாசிக்கு மட்டும் தெரியக் கூடாது என்று யாய்ரா அம்மாவின் காலைப் பிடித்து அழுதிருந்தாள்.

"தம்பி, அந்த போனை மட்டும் குடுத்துடு. வேற என்ன தண்டனை வேணா குடு."

"எதுக்கு ஆன்டி?"

"வேணும்."

"இந்தச் செல்லந்தான் ஆன்டி புள்ளைங்களக் கெடுக்குது. அனுபவத்துல சொல்றேன்."

"உனக்கு எத்தன புள்ளைங்கப்பா?" என்றாள் எசினம்.

கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனவன், மேடையில் முதல் ஆளாக அவளையே கூப்பிட்டான். சுத்தியலைக் கையில் திணித்தான். போனைக் கல்லின் மேல் வைத்தான். "அடிங்க ஆன்டி! மீன் தலையத் தட்டுற மாதிரி ஒரே தட்டு!"

கை தட்டினார்கள். எசினம் அசையவில்லை. கைதட்டல் ஓய்ந்தது.

"தாய்க்கே மனசு வரல, மக எங்க திருந்தும்?" என்றது ஒரு குரல். மாணவிகள் வரிசையில் யாய்ரா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வேறு வழி இல்லாமல் எசினம் அவன் காதருகே குனிந்தாள். "எம்மகள ஒருத்தன் மிரட்டுறான். அவன் எழுதினதெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. உடைச்சா அவன் தப்பிச்சிருவான்."

செலாசியின் கண்கள் விரிந்தன. கிடைத்தற்கரிய உதாரணம். மைக் தானாகவே உதட்டுக்குப் போயிற்று. "பேர் சொல்ல மாட்டேன், ஆனா..."

மீன் வாடை வீசும் உள்ளங்கை மைக்கை மூடியது. "சொல்லித்தான் பாரேன்" என்றாள் எசினம், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "சுத்தியல் இன்னும் எங்கையிலதான் இருக்கு."

அவன் மைக்கைக் கீழே இறக்கினான். அவள் போனை எடுத்து இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். சுத்தியலைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, சலசலக்கும் கூட்டத்துக்கு நடுவே இறங்கிப் போனாள்.

"தம்பி, அடுத்தது" என்றார் படம் பிடிப்பவர்.

செலாசி கூடைக்குள் கைவிட்டு இன்னொரு போனை எடுத்தான். விரல் பட்டதும் திரை ஒளிர்ந்தது. யாரோ யாருக்கோ எழுதிய வரிகள் அதில் தெரிந்தன. அவன் அதைக் கல்லின் மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தான். இந்த முறை எந்தத் தாயையும் கூப்பிடாமல், தானே சுத்தியலை ஓங்கினான்.