மிதவைக்குள் இருந்த பெற்றோல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, நான் கண்ட கொடுமை ஒன்றைத் தங்கள் முன் வைக்கிறேன்.

பெற்றோலுக்குக் கூப்பன் கொடுத்த இரண்டாம் உலக யுத்த காலம் அது. கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த கராஜுக்கு இரத்மலானைத் தென்னந்தோட்ட முதலாளியொருவர் தம் பழைய டிராக்டரைக் கொணர்ந்தார். அது கரும்புகை கக்கியது. பெற்றோலை அளவின்றிக் குடித்தது. அந்தப் பெற்றோலைத் திருடியதாக, சாரதி சூசையை அவர் நீக்கியிருந்தார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் சூசை சத்தியம் செய்தும் எவரும் நம்பவில்லை. பொய்ச்சத்தியம் குடும்பத்தை அழிக்கும் என்றஞ்சி, அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள்.

டிராக்டரின் பின்னாலேயே சூசையும் வந்து வாசலில் நின்றான்.

எஞ்சினுக்குப் பெற்றோலை அளந்துவிடும் காபரேட்டரைக் கழற்றி, அதனுள் மிதந்து பெற்றோலை மட்டுப்படுத்தவேண்டிய பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினேன். உள்ளே பெற்றோல் சலசலத்தது. ஊசித்துளை வழியே பெற்றோல் புகுந்ததால் மிதவை மூழ்கி, எஞ்சினுக்குள் பெற்றோல் மிதமிஞ்சிப் பாய்ந்திருந்தது.

“முதலாளி, சூசை எடுக்கேல்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கோ.”

“சத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். இனி நான் பொய்யனாகிறதே? ஓட்டையை அடைச்சுப்போட்டு வாயையும் அடை.”

சூசை கையேந்தினான். “அண்ணை, அதை ஒருக்காத் தாங்கோ. என்ர மனுசிக்குக் காட்டிப்போட்டுக் கொண்டுவாறன்.”

“அது என்ர சாமான்,” என்று முதலாளி சிரித்தார். “தொட்டால் அதுவும் களவுதான்.”

மிதவையைத் தாமே வாங்கி என்னிடம் திருப்பித் தந்து, நான் உள்ளிருந்த பெற்றோலை வடித்து ஓட்டையில் ஈயம் பற்றவைக்கும்வரை அருகிலேயே நின்றார்.

என் வேலை பழுதின்றி அமைந்தது. புகை நின்றது, பெற்றோல் மிஞ்சியது. சூசை போனபின் களவில்லை என்று இரத்மலானை முழுவதும் பேசிக்கொண்டார்கள். அவன் மனைவியும் அதைக் கேட்டாள், திரும்பி வரவேயில்லை.

நன்றாகச் செய்த வேலையும் ஒருவனை அழிக்கும் என்று அன்று அறிந்தேன். சூசை திருடவில்லை. இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.